பதினோரு முறை மக்களவைக்குப் போனவர்: இந்திரஜித் குப்தா பற்றி வாசகர் கேள்விகள்

மக்களவைக்கு அதிக முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார் என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘இந்திரஜித் குப்தா, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, 11 முறை’ என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. தொண்ணூறுகளில் டெல்லியில் நிருபராக இருந்து, மக்களவைப் பத்திரிகையாளர் மாடத்திலிருந்து அவரைப் பார்த்தவன் நான். அவரைப் பற்றி எழுத இடம் கிடைத்தால் விடமாட்டேன். இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அவருக்குத்தான்.

கே: வாஜ்பாய்தான் அதிக முறை ஜெயித்தவர் என்று இத்தனை நாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பதினொன்று என்ற கணக்கு எப்படி வருகிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

ஐயா, வாஜ்பாய் மக்களவைக்கு 10 முறை வந்தார். மாநிலங்களவையில் இரண்டு முறை இருந்தது தனி. சோம்நாத் சாட்டர்ஜியும் 10 முறைதான். லட்சத்தீவின் பி.எம். சையதும் 10 முறை. அவர் 1967 முதல் 1999 வரை ஒரு தேர்தல்கூட விடாமல் வரிசையாக ஜெயித்தவர். 2004 இல் வெறும் 71 வாக்கில் தோற்றார். வாக்காளர் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே மிகச் சிறிய தொகுதி அது. அங்கே 71 வாக்கு என்பது நாலைந்து தெரு.

குப்தாவின் கணக்கு 1960 இல் கல்கத்தா தென்மேற்குத் தொகுதியின் இடைத்தேர்தலில் தொடங்குகிறது. 1962 இல் மறுபடி அங்கேயே. 1967, 1971 இரண்டும் அலிப்பூரில். 1980, 1984 இரண்டும் வங்கதேச எல்லையை ஒட்டிய பசீர்ஹாட்டில். பிறகு 1989, 1991, 1996, 1998, 1999 ஐந்தும் மேதினிப்பூரில். கூட்டிப் பாருங்கள், 11 வரும். 2001 பிப்ரவரி 20 அன்று கொல்கத்தாவில் புற்றுநோயால் காலமானபோதும் அவர் மேதினிப்பூர் எம்.பி.தான். 1977 முதல் 1980 வரை இருந்த இடைவெளியைக் கழித்தால், ஏறத்தாழ 38 ஆண்டுகள் அந்த அவையில் உட்கார்ந்திருக்கிறார்.

கே: பெரிய வீட்டுப் பிள்ளை என்று கேள்விப்பட்டேன். அப்படிப்பட்டவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் என்ன ஒட்டு உறவு? எங்கள் ஊரில் பார்வதி அம்மா இருந்தார், அதனால் கேட்கிறேன். (பஞ்சாலையில் வேலை பார்த்தவர், கோவை)

நீங்களே பதிலில் பாதியைச் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் சொல்லும் பார்வதி அம்மாவை, அதாவது கோவையின் கம்யூனிஸ்ட் எம்.பி.யாக இருந்த பார்வதி கிருஷ்ணனையும் குப்தாவையும் ஒரே சரட்டில்தான் கோக்க வேண்டும்.

முதலில் குப்தாவின் வீடு. தாத்தா பிஹாரி லால் குப்தா ஐ.சி.எஸ்., அதாவது வெள்ளையர் காலத்து ஐ.ஏ.எஸ். சுரேந்திரநாத் பானர்ஜி, ரமேஷ் சந்திர தத் இருவரோடும் 1868 இல் கப்பலேறி இங்கிலாந்து போய்ப் பரீட்சை எழுதியவர். வெள்ளையர் மீதான வழக்கை இந்திய மாஜிஸ்திரேட் விசாரிக்கக் கூடாதா என்று அவர் எழுப்பிய கேள்விதான் அந்த உரிமை தர வந்த இல்பர்ட் மசோதாவை வெள்ளையர் எதிர்த்துச் செய்த ரகளைக்கு வித்து. பிற்பாடு பரோடா சமஸ்தானத்தில் திவானாக இருந்தார். அப்பா சதீஷ் சந்திர குப்தா கணக்குத் தணிக்கைத் துறையில் பெரிய அதிகாரி. பிறகு மத்திய சட்டசபையின் செயலாளர். அண்ணன் ரணஜித் குப்தாவும் ஐ.சி.எஸ்.; மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளர் வரை போனார். இப்படி மூன்று தலைமுறை அதிகாரம் பார்த்த வீட்டில் 1919 மார்ச் 18 அன்று பிறந்தவர் இந்திரஜித். சிம்லாவில் பள்ளிக்கூடம், டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி.

கேம்பிரிட்ஜில்தான் கதை திரும்புகிறது. முப்பதுகளின் பிற்பகுதி அது. ஒரு பக்கம் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர், இன்னொரு பக்கம் ஹிட்லர். இங்கிலாந்தில் படித்த இந்திய மாணவர்களில் ஒரு கூட்டமே இடதுசாரிகளானது. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் ரஜனி பாமி தத் அவர்களுக்கு ஆசான் மாதிரி. நம் பக்கத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் மோகன் குமாரமங்கலமும் அதே கிங்ஸ் கல்லூரிதான். அவர் தங்கைதான் பார்வதி; ஆக்ஸ்போர்டில் படித்தார். அப்பா டாக்டர் சுப்பராயன் ஜமீன்தார், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். அந்த வீட்டுப் பெண் கோவையில் ஆலைத் தொழிலாளிகளோடு நின்றதை உங்கள் ஊர் கண்ணால் பார்த்தது. திவான் வீட்டுப் பையன் ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகளுக்குப் போனதும் அதே காலம், அதே வேகம்.

1940 வாக்கில் திரும்பி வந்தபோது கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. தலைமறைவு வேலைகள் முடிந்து, சணல் தொழிலாளர் சங்கத்தில் இறங்கினார். ஹூக்ளி ஆலைகளில் வங்காளிகள் மட்டும் கிடையாது. பீகார், உத்தரப் பிரதேசம், ஒரிசா, ஆந்திரா என்று பல சீமைகளிலிருந்தும் பிழைக்க வந்த ஜனங்கள். ஆலையை ஒட்டிய லைன் வீடுகளில் கூட்டம் போட்டு, அத்தனை பேரையும் ஒரு சங்கத்தில் நிறுத்துவது லேசான வேலை இல்லை. கட்சியின் தொழிற்சங்க அமைப்பான ஏ.ஐ.டி.யு.சி.யின் பொதுச் செயலாளராக 1980 முதல் பத்து ஆண்டுகள் இருந்தார். கடைசிக் காலத்தில் உலகத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். எம்.பி. பதவிக்காகத் தொழிற்சங்கத்துக்கு வந்தவர் அவர் இல்லை. இருபது வருஷம் ஆலை வாசலில் நின்ற பிறகுதான் அவைக்குள் போனார்.

1960 இல் அவர் உள்ளே நுழைந்தபோது கோவை எம்.பி.யாக அங்கே இருந்தவர் பார்வதி கிருஷ்ணன் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கே: உள்துறை அமைச்சராக இருந்தபோதும் இரண்டு அறை வீட்டில் இருந்தாராமே? நம்பும்படி இல்லையே! (இல்லத்தரசி, கும்பகோணம்)

நம்புங்கள் அம்மா. டெல்லி ஜன்பத் சாலையில் வெஸ்டர்ன் கோர்ட் என்று ஒரு வெள்ளைக் கட்டடம். கீழே வளைவு வளைவாக வாசல்கள், மேலே உயரமான தூண் வரிசை. எதிர்ச்சாரியில் இதற்கு இரட்டைப் பிள்ளையாக ஈஸ்டர்ன் கோர்ட். தந்தி அடிக்கவும் தபால் போடவும் நாங்கள் அந்நாளில் போய்வந்த இடம். வெள்ளைக்காரன் புது டெல்லியைக் கட்டியபோது, சட்டசபைக் கூட்டத்துக்கு வந்துபோகிறவர்கள் தங்குவதற்காகக் கட்டியது. எம்.பி.க்கள் நிரந்தர வீடு கிடைக்கும் வரை தங்கிவிட்டுப் போகும் விடுதி அது. வந்த வேகத்தில் எல்லோரும் பங்களாவுக்கு மனுப் போடுவார்கள். குப்தா அங்கேயே இருந்துவிட்டார்.

1996 இல் உள்துறை அமைச்சரானதும் அமைச்சர்களுக்கு ஒதுக்கும் பெரிய லுட்யன்ஸ் பங்களா ஒன்றுக்குப் போவதுதான் வழக்கம். போக மறுத்தார். நாட்டின் போலீஸ், உளவுத் துறை, எல்லைப் படை எல்லாம் யார் கையெழுத்துக்குக் கீழே வருகிறதோ, அவர் உள்துறை அமைச்சகம் அப்போது இருந்த நார்த் பிளாக்கில் வேலை முடிந்து அந்த இரண்டு அறைக்குத்தான் திரும்பினார். அவர் இறந்தபோது குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் காந்திக்கு நிகரான எளிமை என்று குறிப்பிட்டார்.

எளிமையைப் பாராட்டிவிட்டு விஷயத்தை முடித்துக்கொள்வது நம் பழக்கம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்த இரண்டு அறையால் நடந்த காரியம் என்ன என்று பார்க்க வேண்டும். பதவி போனால் காலி செய்ய வேண்டிய வீடு இல்லை, இழக்க வேண்டிய வசதி இல்லை. ஆகவே யாருக்கும் பயந்து பேச வேண்டியதில்லை. அடுத்த பதிலில் அது தெரியும்.

கே: கம்யூனிஸ்ட் ஒருவர் போலீஸ் மந்திரி ஆனதில் முரண்பாடு இல்லையா? அந்தப் பதவியில் என்னதான் செய்தார்? (சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

தம்பி, முரண்பாடு இருக்கத்தான் செய்தது. 1948 இல் அந்தக் கட்சியை வேட்டையாடியது இதே உள்துறைதான். அன்றைக்குத் தேடப்பட்டவர்களின் கட்சி, 1996 இல் முதல் தடவையாக மத்திய அமைச்சரவைக்குள் வந்தது. தேவகவுடாவின் ஐக்கிய முன்னணி அரசில் சேர மார்க்சிஸ்ட் கட்சி மறுத்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சேர்ந்தது. குப்தாவுக்கு உள்துறை, சதுரானன் மிஸ்ராவுக்கு விவசாயம். ஆறு ஆண்டுகளாக வகித்த கட்சிப் பொதுச் செயலாளர் பொறுப்பை ஏ.பி. பரதனிடம் விட்டுவிட்டு வந்தார்.

செய்ததில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது உத்தரப் பிரதேசம். 1996 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி நீடித்தது. அதாவது லக்னோவில் ஆளுநர் ரொமேஷ் பண்டாரி வழியாக ஆண்டது டெல்லி. அந்த மாநிலம் அராஜகத்தை நோக்கி, குழப்பத்தை நோக்கி, அழிவை நோக்கிப் போகிறது என்று அவையில் எழுந்து சொன்னவர் எதிர்க்கட்சித் தலைவர் இல்லை, உள்துறை அமைச்சர் இந்திரஜித் குப்தா. தன் அரசின் பொறுப்பில் உள்ள மாநிலத்தைப் பற்றி உள்துறை அமைச்சரே அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? கூட்டணிக்குள் கோபம், எதிர்க்கட்சிக்குக் கொண்டாட்டம். நிலைமையை மூடி மறைத்துப் பதில் எழுதிக் கொடுக்க நார்த் பிளாக்கில் ஆள் இல்லாமல் போகவில்லை. அவையில் பொய் சொல்லக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த அவையில் மந்திரிகளைக் கேள்வி கேட்டவர், தானே மந்திரியானதும் வேறு மாதிரி பதில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது நம் ஊரைத் தொட்டது. ராஜீவ் காந்தி கொலையில் பின்னணியை ஆராய்ந்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997 ஆகஸ்டில் உள்துறையிடம் வந்தது. தி.மு.க. மீது அதில் கடுமையான குற்றச்சாட்டு. நவம்பரில் பகுதிகள் பத்திரிகையில் கசிந்தன. நவம்பர் 20 அன்று அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தி.மு.க. அமைச்சர்களை வெளியேற்றினால்தான் ஆதரவு என்று, வெளியிலிருந்து அரசைத் தாங்கிவந்த காங்கிரஸ் நிபந்தனை போட்டது. டெல்லியில் இருந்த தமிழ் நிருபர்களுக்கு அந்த வாரம் தூக்கமே கிடையாது. சென்னையிலிருந்து மணிக்கொரு தடவை போன். தேவகவுடாவுக்குப் பின் பிரதமரான குஜ்ராலின் அமைச்சரவை அசையவில்லை. ஒரு கட்சியைப் பழிகொடுத்து அரசைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டோம் என்று நின்றது. நவம்பர் 28 அன்று காங்கிரஸ் ஆதரவை விலக்கியது, அரசு போயிற்று. அந்த முடிவு குஜ்ராலுடையது, கூட்டணி முழுவதற்கும் உரியது. ஆனால் அறிக்கையைக் கையில் வைத்திருந்த துறை குப்தாவுடையது. அவர் துறையிலிருந்து வேறு குரல் ஒன்று வந்திருந்தால் அந்த நிலைப்பாடு ஒரு நாள் தாங்கியிருக்காது.

கே: 1977 இல் தோற்றது ஏன்? (வாசகர், சிவகாசி)

நெருக்கடி நிலையை அவர் கட்சி ஆதரித்தது. அதுதான் காரணம், வேறு சமாதானம் வேண்டாம். மேற்கு வங்கத்தில் அந்தத் தேர்தலில் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. நாடு முழுக்கக் கிடைத்த ஏழும் தெற்கில்தான்: கேரளத்தில் நான்கு, தமிழ்நாட்டில் கோவை, திருச்சி, நாகப்பட்டினம் மூன்று. கோவையில் பார்வதி கிருஷ்ணன் ஜெயித்தார், கல்கத்தாவில் குப்தா தோற்றார். 1978 இல் பதிண்டா மாநாட்டில் கட்சி தன் நிலை தவறு என்று ஒப்புக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் சிறையில் கிடந்தபோது எடுத்த நிலை அது. குப்தாவை நான் எவ்வளவு மதித்தாலும் அவருடைய வாழ்க்கையில் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக மாட்டேன்.

கே: தற்காலிக சபாநாயகர் என்றால் என்ன வேலை? குப்தா நான்கு முறை அப்படி இருந்தாராமே. (பிளஸ் டூ மாணவி, தென்காசி)

ஆமாம் அம்மா, 1991, 1996, 1998, 1999. புதிய மக்களவை கூடும்போது சபாநாயகர் இன்னும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க மாட்டார். உறுதிமொழி எடுக்காமல் யாரும் வாக்களிக்க முடியாது. வாக்களிக்காமல் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தச் சிக்கலை அவிழ்க்க, மூத்த உறுப்பினர் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவர் முன்னால்தான் மற்றவர்கள் உறுதிமொழி எடுப்பார்கள். 1989 இல் அந்த இடத்தில் இருந்தவர் என்.ஜி. ரங்கா. நம் பச்சையப்பன் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அதே ரங்காதான்.

பழைய கட்டடத்தில் பத்திரிகையாளர் மாடம் சபாநாயகர் இருக்கைக்கு நேர் மேலே. அதனால் நாற்காலியில் இருப்பவரின் முகம் எங்களுக்குத் தெரியாது. அவரை நோக்கி வருகிறவர்களின் முகம்தான் தெரியும். செயலாளர் பெயரைக் கூப்பிடுவார். முதலில் பிரதமர், அப்புறம் அமைச்சர்கள், பிறகு மாநிலம் மாநிலமாக உறுப்பினர்கள். ஒருவர் எழுந்து வந்து கடவுளின் பேரால் என்றோ மனமார என்றோ உறுதி சொல்வார். நாற்காலிக்குப் போய்க் கை குலுக்குவார். சுற்றிக்கொண்டு போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் இதே சடங்கு. ஒரே நாளில் முடியாது. முதல் தடவை வந்தவர்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, காகிதம் நடுங்க நிற்பார்கள்.

1996, 1998, 1999 மூன்று தடவையும் முதலில் வந்து குப்தா முன் உறுதிமொழி எடுத்த பிரதமர் வாஜ்பாய். இவர் வலதுசாரி என்றும் அவர் இடதுசாரி என்றும் நாம் கோடு கிழித்து வைத்திருக்கிறோம். 1957 இல் வந்த ஒருவரும் 1960 இல் வந்த ஒருவரும் கை குலுக்கியதை மேலேயிருந்து பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

கே: அவருடைய காலத்தில் அதே கட்சியில் இன்னொரு முக்கியமான எம்.பி.யைச் சொல்லுங்கள். (வாசகி, நாகர்கோவில்)

கீதா முகர்ஜி. மேதினிப்பூர் மாவட்டத்தின் பான்ஸ்குரா தொகுதியிலிருந்து 1980 முதல் வரிசையாக ஏழு முறை வந்தவர். 1996 இல் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவை ஆராய்ந்த கூட்டுக் குழுவுக்குத் தலைவர். 2000 மார்ச்சில் காலமானார். சட்டம் நிறைவேற 2023 ஆயிற்று. அவருக்கென்று தனியாக ஓர் இதழ் ஒதுக்குகிறேன்.

கே: 11 தடவை ஜெயித்தார், எளிமையாக இருந்தார், சரி. ஜனங்களுக்கு என்ன மிச்சம்? (டீக்கடை நடத்துபவர், பட்டுக்கோட்டை)

கடுமையான கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. என் பதில்: ஓர் அறிக்கை. தேர்தல் செலவை அரசே ஏற்பது பற்றி ஆராய 1998 இல் வாஜ்பாய் அரசு ஒரு குழு போட்டது. எதிர்க்கட்சிக்காரரான குப்தாவைத் தலைவராக்கியது. மன்மோகன் சிங்கும் சோம்நாத் சாட்டர்ஜியும் அதில் உறுப்பினர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அறிக்கை தயார்.

அறிக்கையின் அழகு அதன் சின்னச் சின்ன விவரங்களில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளருக்குப் பணமாகக் கொடுக்காதே, பொருளாகக் கொடு என்றது. என்னென்ன பொருள்? வண்டிகளுக்கு இவ்வளவு பெட்ரோல், டீசல், நோட்டீஸ் அடிக்கக் காகிதம், வாக்காளருக்குக் கடிதம் போடத் தபால் தலை, வாக்காளர் பட்டியல் பிரதிகள், மைக் செட், டெலிபோன். தேர்தல் வேலை பார்த்தவனுக்குத்தான் இந்தப் பட்டியல் தோன்றும். கையில் காசு இல்லாத வேட்பாளர் முதலில் எங்கே தடுக்கி விழுவார் என்று தெரிந்தவர் எழுதியது. இதற்கு ஒரு நிதி: வாக்காளர் ஒருவருக்கு 10 ரூபாய் என்று அன்றைய 60 கோடி வாக்காளருக்கும் கணக்குப் போட்டு மத்திய அரசு 600 கோடி, அதே அளவு மாநிலங்கள் சேர்ந்து.

இந்த உதவிக்கு நிபந்தனையும் உண்டு. கட்சிகள் வருமான வரிக் கணக்கும் தணிக்கை செய்த வரவு செலவும் காட்ட வேண்டும். 10,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை வாங்கினால் காசோலையாக வாங்க வேண்டும். கொடுத்தவர் பெயரை வெளியே சொல்ல வேண்டும். 1998 இல் சொன்னது இது! பிற்பாடு 2018 இல், கொடுத்தவர் பெயரே தெரியாமல் எத்தனை கோடியும் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரங்கள் வந்தன. அவை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 2024 பிப்ரவரி வரை ஆயிற்று.

அறிக்கையில் நடைமுறைக்கு வந்தது கொஞ்சம்தான். 2003 இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர்களுக்கு வாக்காளர் பட்டியலை இலவசமாகத் தர வழி செய்தார்கள். மற்றதில் பெரும்பகுதி அப்படியே கிடக்கிறது. உங்கள் தொகுதியில் அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்திரஜித் குப்தா குழு அறிக்கையைப் பற்றி உங்கள் கட்சி என்ன நினைக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் கடை பெஞ்சில் வைத்தே கேளுங்கள், நாலு பேர் காதில் விழட்டும்.

கே: அவர் பேச்சுகளைப் படிக்க வேண்டும். எங்கே கிடைக்கும்? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், நாமக்கல்)

நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகம் இணையத்தில் இலவசம். மக்களவை விவாதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். உறுப்பினர் பெயரைப் போட்டுத் தேடலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசினார். அலங்காரம் இல்லாத ஆங்கிலம், அகராதி தேவைப்படாது. அறுபதுகளில் தொழிலாளர் பிரச்சினைகளில் பேசியதிலிருந்து ஆரம்பியுங்கள். மந்திரி ஆவதற்கு முன்பு கேட்ட கேள்விகளைப் படித்துவிட்டு, 1996-98 இல் மந்திரியாகச் சொன்ன பதில்களுக்குப் போங்கள். தேர்தல் நிதி அறிக்கையும் இணையத்தில் கிடைக்கிறது. பரீட்சைக்கும் உதவும், தேர்தல் சீர்திருத்தம் என்றாலே அந்தப் பெயர் வந்துவிடும்.